டீசல் ரம்லா பெட்ரோல் என்று சொன்னது

கோயமுத்தூர் உக்கடம் லாரிப்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பட்டறையில் ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் செருப்புடன் யாரும் போக முடியாது. பீடியும் டீ டம்ளரும் வாசலோடு நின்றுவிட வேண்டும். டீசல் பம்புகளைப் பிரித்துச் சோதிக்கும் இடம் அது. ஒரு துளி தூசி உள்ளே போனாலும் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் துளை அடைத்துக்கொள்ளும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு என் அண்ணன் அஃப்தாப் அந்த அறையைக் கட்டியபோது அதில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. வந்த மெக்கானிக்குகள் அரை மணிக்கு ஒரு தரம் பீடி குடிக்க வெளியே போனார்கள். திரும்பும்போது ரோட்டுத் தூசியைக் காலோடு கொண்டுவந்தார்கள். ஒரு நாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த ரம்லா மச்சி, கேரியரை மேசையில் வைத்துவிட்டு, "நான் வேணா உக்காந்துக்கறேன். எனக்கு டீ கூடப் புடிக்காது" என்றார். அண்ணன் மனைவியை நாங்கள் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். சும்மா பேச்சுக்குச் சொன்னதாக அண்ணன் நினைத்தார். மச்சி அன்றைக்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

இன்று கரூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பம்பைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டிரைவர்கள் வருகிறார்கள். வாசலில் நின்று, "டீசல் ரம்லாக்கா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். அண்ணன் இருக்கிறாரா என்று கேட்பவர்கள் குறைவு. மச்சி வேலை செய்யும் விதம் எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். பம்பைச் சோதனை மேடையில் பூட்டுவார், ஓடவிடுவார், மீட்டர் காட்டும் எண்ணைப் பார்ப்பார். ஒரு திருகை மட்டும் மாற்றுவார். மறுபடி ஓடவிட்டு எண்ணைப் பார்ப்பார். இரண்டு திருகை ஒரே நேரத்தில் தொட மாட்டார். "ரெண்டையும் திருப்பிட்டா, எதுனால சரியாச்சுன்னு அந்தப் பம்புக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்பார். அவர் சொல்லும் எண்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிக்கையாக எழுதுவது என் வேலை. இத்தனை வருடங்களில் ஒரு அறிக்கையைக்கூட அவர் திருத்தி எழுதச் சொன்னதில்லை. லாரிப்பேட்டையில் அவருக்கு இருக்கும் மதிப்பு அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

போன வைகாசியில் ஒரு மதியம், அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஆறுச்சாமி வந்தார். அறுபது வயது இருக்கும். மஞ்சளும் கரும்பும் போடும் குடும்பம். அவருடைய லாரிகளின் பம்புகள் எங்களிடம்தான் வரும். மலைமாடு வளர்ப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தின் கால்நடை மருத்துவர் கிருபாவும் கூட வந்திருந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண், வெயிலில் கறுத்த கைகள்.

"ஏனுங்க அம்மணி, சங்கத்துக்கு ஒரு ஜீப்பு வாங்கோணும். ஈரோட்டுல ரெண்டு வண்டி நிக்குது. ஒரே கம்பெனி, ஒரே வருசம். ஒண்ணு டீசல், ஒண்ணு பெட்ரோல். டீசல்தான்னு எனக்கே தெரியும். இருந்தாலும் உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா சங்கத்துல பேச்சிருக்காதுங்க."

மச்சி கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டி என்ன வேலைக்குங்க ஐயா?" என்று கேட்டார்.

கிருபாதான் பதில் சொன்னாள். மலைக்காட்டுக்குள் மாட்டுப் பட்டிகள் இருக்கின்றன. தார் ரோட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே, கல்லும் சேறுமான தடம். போன வருடம் மழைக்கு முன்பு இரண்டு தரம் வாடகை ஜீப்பில் கோமாரித் தடுப்பூசி போடப் போயிருக்கிறார்கள். "நூத்தி எண்பது மாட்டுல எழுபதுக்குத்தான் போட முடிஞ்சுதுங்க. நாங்க போறப்ப மாடு பட்டியில நிக்கறதில்ல. அப்புறம் மழை வந்துச்சு, கோமாரி வந்துச்சு. முப்பத்தொரு கன்னு போயிருச்சு." கடைசி வாக்கியத்தை அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"லேட்டாப் போறோம், அதுதானுங்க விசயம்" என்றார் ஆறுச்சாமி. "நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள மேச்சலுக்கு அவுத்து உட்டர்றானுங்க. நல்லா இழுக்கற வண்டியா இருந்தா ஏழு மணிக்குள்ள பட்டியில நிக்கலாம். அதுக்குத்தான் டீசலு."

"பட்டிக்காரங்களைக் கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனுங்களா? பெரிய பட்டி பாலுசாமிது. டீசல் ஜீப்பு வாங்கறோம், வெடியால வருவோம், சரிதானேன்னு கேட்டேன். ஆகட்டுங்கன்னு சொல்லிப்போட்டான்."

"ஆகட்டுங்கன்னா, சரிங்கறாரா?"

ஆறுச்சாமி சிரித்தார். "ஆகட்டுங்கன்னா ஆகட்டுங்கதானுங்க அம்மணி! அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

மச்சி சிரிக்கவில்லை. "நான் மலைக்கே வாரனுங்க. ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாத்துப்போட்டுச் சொல்றேன்."

அவர்கள் போனதும் அண்ணன் ஆரம்பித்தார். "டீசல்னு மூணு எழுத்து. அதைச் சொல்றதுக்கு மூணு நாளு கடையைப் பூட்டணுமா?"

"நீங்களும்தான் வாரீங்க. ரெண்டாவது வண்டியை யாரு ஓட்டறது?"

பம்ப் வாங்க வந்து உட்கார்ந்திருந்த லாரிக்காரர் தம்பிதுரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, அங்க போயிப் பெட்ரோலுன்னு சொல்லிப்போடாதீங்க. அப்பறம் நாங்க இந்தப் பம்பைத் தூக்கிட்டு எந்த ஊருக்குப் போறது?" என்றார். பட்டறையே சிரித்தது. மச்சியும் சிரித்தார். அப்போது அது வெறும் கேலிதான்.

ஈரோட்டில் வண்டிகளை எடுத்துக்கொண்டு பவானி வழியாக அந்தியூருக்குப் போனோம். ஆறுச்சாமி வீட்டில் தங்கிவிட்டு, விடிந்தும் விடியாத நேரத்தில் மலை ஏறினோம். டீசல் வண்டியை மச்சி ஓட்டினார், பக்கத்தில் ஆறுச்சாமி. பின்னால் பெட்ரோல் வண்டியில் அண்ணன், கிருபா, நான். தார் ரோடு வரைக்கும் இரண்டு வண்டியும் ஒன்றுபோலவே போயின. சுண்டக்கரை ஊரைத் தாண்டிக் காட்டுத் தடத்தில் திரும்பியதும் ஒரு சேற்று மேடு வந்தது. அந்த ஊரில் அதை வழுக்கு என்கிறார்கள்.

டீசல் வண்டி வழுக்கில் ஏறியதைப் பார்க்க வேண்டும். மச்சி முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தே விட்டார். வண்டி தடதடவென்று ஒரே சீராக, அவசரமில்லாமல், கல்லைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டு மேலே போய் நின்றது. அடுத்து நாங்கள். அண்ணன் மிதிக்க மிதிக்க எஞ்சின் அலறியது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் புதரில் போய்ச் சாய்ந்தது. கடைசியில் டீசல் வண்டியில் கயிறு கட்டித்தான் எங்களை இழுத்தார்கள்.

"பாய், இறங்கித் தள்ளறதுன்னா சொல்லுங்க, ஆளனுப்பறேன்" என்று கயிறு கட்டும்போதே மேலிருந்து கேலி செய்தார் ஆறுச்சாமி. பிறகு மச்சியிடம், "இனி என்னத்தைங்க பாக்கறது? இங்கியே முடிஞ்சுபோச்சே!"

மச்சி டீசல் வண்டியின் பானட்டை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். எந்த இயந்திரத்தையும் அவர் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை. அவர் மனதிலும் அப்போது முடிவாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

பாலுசாமியின் பட்டிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழுகூட ஆகவில்லை. முள்வேலிக்குள் நாற்பத்து மூன்று மாடுகள் நின்றிருந்தன. செந்நிற உடம்பில் பால் தெளித்ததுபோல வெள்ளைத் திட்டுகள். டீசல் வண்டி கடைசித் திருப்பத்துக்கு வரும்போதே எல்லாத் தலைகளும் ஒன்றாக உயர்ந்தன. அடுத்த கணம் மொத்தக் கூட்டமும் எதிர்ப்பக்க வேலியில் போய் மோதியது. முள்ளும் மூங்கிலும் சரிந்தன. நாங்கள் இறங்குவதற்குள் பட்டி காலி. பள்ளத்துக்குள் மணிச் சத்தம் மட்டும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

கிருபா மருந்து இல்லாத வெறும் ஐஸ் பெட்டியைத்தான் அன்று கொண்டுவந்திருந்தாள். பாதை குலுக்கலில் அது தாங்குமா என்று பார்க்க. அதைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "போன வருசமும் இப்படித்தானுங்க. நாங்க வர்றப்ப பட்டி வெறும் பட்டியா இருக்கும்."

ஆறுச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. கோபம் பாலுசாமியின் மேல் திரும்பியது. "ஏப்பா, வேலியை நல்லா இறுக்கிக் கட்டறதில்லியா? டாக்டரம்மா போன வருசமே எழுதிப்போட்டாங்க, பட்டிக்காரங்க ஒத்துழைக்கறதில்லீன்னு."

ஒல்லியான மனிதர் பாலுசாமி. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஆகட்டுங்க" என்றார்.

மச்சி சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சொல்லோடு மச்சிக்குப் பழைய வழக்கு உண்டு. பட்டறையில் சேர்ந்த புதிதில், அந்தியூர், கோபிப் பக்கத்து வண்டிக்காரர்களிடம், "ஃபில்டரை மாத்திப்போடுங்க, இல்லாட்டி பம்பு மறுபடி போயிரும்" என்று சொல்வார். அவர்கள் பணிவாக, "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் அதே பம்ப், அதே பழைய ஃபில்டரோடு திரும்பி வரும். நாலைந்து பம்புகள் திரும்பிய பிறகுதான் மச்சிக்கு விளங்கியது. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. பெரியவர்களை எதிர்த்துப் பேச மனமில்லை. அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். சரி என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. அதன்பிறகு யாராவது ஆகட்டுங்க என்றால், "செய்வீங்களா, மாட்டீங்களா?" என்று இன்னொரு தரம் கேட்பது அவர் வழக்கம்.

ஆறுச்சாமியும் அதே மண்ணில் பிறந்தவர். ஆனால் அவரிடம் யாரும் எதையும் மறுத்துச் சொல்வதில்லை. அதனால் அந்தச் சொல்லின் மறுபக்கம் அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஆண்கள் மாடு தேடிப் பள்ளத்தில் இறங்கினார்கள். பாலுசாமியின் மனைவி பூவாத்தாள் சாய்ந்த வேலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மச்சி போய் மூங்கிலின் மறுமுனையைப் பிடித்தார்.

"அக்கா, வண்டியைப் பாத்தா மாடு எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"வண்டியைப் பாத்து எங்கீங்க ஓடுது? உப்பு மூட்டை கொண்டார பைக்கு வந்தா எதுக்கப் போயி நிக்கும். இந்தத் தடதட வண்டிக்குத்தான் அம்மணி ஓட்டம். போன வருசம் ஊசிக்கு வந்த வண்டியும் இப்படித்தான் தடதடன்னுச்சு."

"ஏனுங்க?"

பூவாத்தாள் முள்ளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். "ஆடி மாசம் அந்தியூர்ச் சந்தைக்குக் கன்னு ஏத்தறது இந்தச் சத்தம் போடற வண்டியிலதானே. வருசத்துல ஒருக்கா வரும், கன்னைக் கொண்டுபோயிரும். தாய்மாடு மறந்துபோடுமுங்களா?"

"இதை டாக்டர்கிட்டயோ ஐயாகிட்டயோ சொல்லலீங்களா?"

"என்னை யாரு கேட்டா? ஊட்டுக்காரரைக் கேப்பாங்க. அவுரு ஆகட்டுங்கம்பாரு. வந்தவிய போயிருவாங்க."

மச்சி மூங்கிலை ஊன்றி முடித்தார். பிறகு சுற்றிவந்து டீசல் வண்டியைப் பார்த்தார். கையை அதன்மேல் வைக்கவில்லை.

மத்தியானம் சுண்டக்கரைப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது விஷயத்தை எடுத்தார். ஆறுச்சாமி சோற்றுக் கையோடு சிரித்தார். "மாடு என்னங்க, பானட்டைத் தொறந்து டீசலா பெட்ரோலான்னு பாத்துதுங்களா?"

அண்ணனும், "பழக்கமில்லாத எதைப் பாத்தாலும் மாடு ஓடத்தான் செய்யும்" என்றார்.

"இருக்கலாம்" என்றார் மச்சி. "எனக்கும் தெரியாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

கைகழுவப் போன இடத்தில் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ரம்லா, யோசிச்சுக்க. பெட்ரோலுன்னு நீ சொல்லி, அது வழுக்குல ஏறாம நின்னுபோச்சுன்னா லாரிப்பேட்டை முழுக்கச் சிரிக்கும். டீசலுன்னு சொன்னா யாரும் உன்னை ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

"அதுதான் பயமா இருக்கு" என்றார் மச்சி. "கேள்வி கேக்க மாட்டாங்க. மழைக்கு முன்னாடி ஊசி போட முடியாது. மறுபடியும் கன்னு சாவும். அப்பவும் யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க. ஆனா பம்பு ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடறப்ப எனக்குத் தெரியும்ல, நான் ஒண்ணைப் பாக்காமச் சொல்லியிருக்கேன்னு? தப்பாச் சொல்றதும் பாக்காமச் சொல்றதும் எனக்கு ஒண்ணுதாங்க."



மறுநாள் காலை நடந்ததை ஒரு பம்ப் சோதனை போலத்தான் மச்சி நடத்தினார். முந்தின நாளே, மாடுகள் மேய்ச்சலில் இருந்தபோது டீசல் வண்டியைப் பட்டிக்குக் கீழே ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டோம். பட்டியிலிருந்து பார்த்தால் தெரியாது. விடியற்காலையில் அண்ணன் நடந்துபோய் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மச்சி என்னைப் பாறைமேல் ஏற்றி, கையில் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்தார். செல்போன் எடுக்காத இடம். துண்டைத் தூக்கினால் அண்ணன் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். வண்டியை அசைக்கக் கூடாது.

ஆறு நாற்பதுக்கு மச்சி, முந்தின நாள் வழுக்குக்கு மேலேயே விட்டுவந்த பெட்ரோல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். முந்தின நாள் வந்த அதே தடம், அதே வேகம். அதே நிறம், அதே உருவமுள்ள வண்டி. உள்ளேயும் அதே ஆறுச்சாமி. மாடுகள் தலையைத் தூக்கின. காதுகளைத் திருப்பின. ஒரு கிழட்டுப் பசு இரண்டடி முன்னால் வந்து வேலியோரம் நின்றது. மற்றவை அசைபோடுவதை நிறுத்தவில்லை. மச்சி எஞ்சினை அணைத்தார், கிளப்பினார், உறுமவிட்டார், மறுபடி அணைத்தார். நான் நோட்டில் எழுதினேன்: நாற்பத்து மூன்றில் நாற்பத்து மூன்றும் உள்ளே.

பத்து நிமிடம் காத்திருந்தோம். மச்சி கையை அசைத்தார். நான் துண்டைத் தூக்கினேன்.

பாறைக்குப் பின்னாலிருந்து டீசல் எஞ்சின் கிளம்பும் சத்தம் வந்தது. சத்தம் மட்டும்தான். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நாற்பத்து மூன்று தலைகளும் பாறைப் பக்கம் திரும்பின, பிறகு பட்டியின் மறுகோடிக்குப் பாய்ந்தன. முந்தின நாள் கட்டிய வேலி மறுபடி படுத்தது.

"ஏனுங்க அம்மணி!" பூவாத்தாள் கத்தினார். "உங்க பரிச்சைக்கு எம்மாடுதான் கெடைச்சுதுங்களா? இந்த வேலியை யாரு கட்டறது?"

"நானே கட்டித்தாரனுங்க அக்கா" என்றார் மச்சி. சொன்னபடியே கட்டியும் கொடுத்தார். கையில் முள் குத்தாத இடமில்லை.

ஆறுச்சாமி பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு மச்சியிடம் வந்தார். பிறகு, "சத்தத்தைக் கொறைக்க வழியில்லீங்களா? நீங்க நெனச்சா டீசலை மெதுவாப் பேச வெக்கலாமே" என்றார். அது கெஞ்சல்போல இருந்தது.

"கொறைக்கலாமுங்க ஐயா. ஆனா அந்தத் தடதடப்பு போகாது. மனுசனுக்குக் கேக்காத அளவுக்குக் கொறைச்சாலும் மாட்டுக் காதுக்கு என்ன கேக்கும்னு அளக்க எங்கிட்ட மீட்டர் இல்லீங்க."

"செரி. அப்ப வழுக்கு? நேத்து இந்த வண்டி ஏறலியே."

மச்சி மறுபடி பெட்ரோல் வண்டியில் ஏறினார். எல்லாரும் வழுக்குக்குப் போனோம். விஷயம் பரவி, சுண்டக்கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்து மேட்டில் நின்றுகொண்டார்கள். மச்சி பெட்ரோல் வண்டியைக் கீழே இறக்கித் திருப்பி, முதல் கியரில் ஏறினார். பாதிகூடப் போகவில்லை. எஞ்சின் திணறி அணைந்தது. மேலிருந்து யாரோ சிரித்தார்கள்.

மச்சி இறங்கிச் சக்கரத்தைச் சுற்றி நடந்தார். அண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ டீசல் மாதிரி ஓட்டற" என்றார். "காலை எடுத்துர்ற."

மச்சி குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஆமா. என் காலு டீசல் காலு" என்றார். "நேத்து நீங்க எந்தக் கியருல ஏறுனீங்க?"

"முதல் கியருதான்."

"சின்ன லிவரு?"

நாலு சக்கரத்துக்கும் சேர்த்து இழுவையைக் கூட்டும் இன்னொரு லிவர் இருக்கிறது. அண்ணன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "அதைப் போட்டிருந்தா நேத்தே ஏறியிருக்கும்" என்றார்.

"போட்டிருந்தா" என்றார் மச்சி.

டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினார். சின்ன லிவரை மாற்றினார். இந்த முறை மேட்டுக்கு முன்பே எஞ்சினை வேகமெடுக்க வைத்து, காலை எடுக்காமல் அதே அளவில் பிடித்துக்கொண்டு ஏறினார். வண்டி அலறியது. ஓர் இடத்தில் பின்புறம் வழுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி மேலே நின்றது, சிரித்த ஆளுக்கு முன்னால். டீசல் ஏறிய அழகு அதில் இல்லை. ஆனால் ஏறிவிட்டது. நம்பிக்கைக்காக மச்சி இன்னும் இரண்டு தரம் ஏற்றிக் காட்டினார். கடைசியாக அண்ணனையும் ஓட்ட வைத்தார்.

அன்று மாலை அந்தியூரில் சங்கக் கூட்டம். இருபத்தைந்து பேர் இருப்பார்கள், கிருபாவையும் மச்சியையும் என்னையும் விட்டால் எல்லாரும் ஆண்கள். ஆறுச்சாமி தானே முடிவைச் சொல்லியிருக்கலாம். "அம்மணி சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். மச்சி கூட்டத்தில் பேசிப் பழகியவர் அல்ல. எழுந்து, நோட்டைப் பிரித்து, காலையில் எழுதிய எண்களை மட்டும் வாசித்தார். கடைசியில், "பெட்ரோல் வண்டி வாங்குங்க" என்றார்.

சலசலப்பு எழுந்தது. ஒருவர் கேட்டே விட்டார். "ஏனுங்க, டீசலுக்குன்னே கடை வெச்சிருக்கற நீங்களே பெட்ரோலுங்கறீங்க. மலைக்கு டீசல்தானே நல்லது?"

"மலைக்கு டீசல்தான் நல்லதுங்க. அதுல சந்தேகமே இல்லை. இழுவைக்கும் டீசல், மைலேஜுக்கும் டீசல், என் கடைக்கும் டீசல்தான் நல்லது. உங்க மாட்டுக்குப் பெட்ரோலுங்க. வண்டி வாங்கறது மாட்டுக்குத்தானுங்களே?"

 மச்சி பின்வரிசையில் நின்றிருந்த பாலுசாமியைப் பார்த்தார். "பட்டி உங்களுது. நீங்க என்னங்க சொல்றீங்க?"

பாலுசாமி தலைத்துண்டை அவிழ்த்தார். "ஆக..."

"ஆகட்டுங்க வேண்டாமுங்க அண்ணா. டீசலா, பெட்ரோலா? ரெண்டுல ஒண்ணு."

கூட்டம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் ஆறுச்சாமி நினைத்ததற்கு மாறாக ஒன்றைச் சொல்வது அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவர் துண்டை முறுக்கியதைப் பார்த்தாலே தெரிந்தது. ஆறுச்சாமியே, "சொல்லப்பா, நான் ஒண்ணும் கடிச்சுப்போட மாட்டேன்" என்றார்.

"பெட்ரோலுங்க" என்றார் பாலுசாமி. பிறகு, ஒரு தரம் வாய் திறந்துவிட்ட தைரியத்தில், "போன வருசமே அதைத்தானுங்க நெனச்சேன்" என்றார். கூட்டம் சிரித்து அடங்க நேரமானது. கிருபா மட்டும் சிரிக்கவில்லை. ஒத்துழைக்கவில்லை என்று தான் எழுதியதைத் திருத்தி எழுதுவதாக எழுந்து நின்று சொன்னாள்.

செய்தி எங்களுக்கு முன்பே உக்கடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மச்சியால் கண்ணாடி அறையை விட்டு வெளியே தலைகாட்ட முடியவில்லை. "அக்கா, எங்க லாரிக்கும் பெட்ரோல் எஞ்சின் மாட்டித் தர்றீங்களா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். மச்சி யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தம்பிதுரை கேட்டபோது மட்டும், "உங்க லாரியில மாடு ஏத்துனா சொல்லுங்க, யோசிக்கலாம்" என்றார். பம்ப் கொண்டுவருவதை யாரும் நிறுத்தவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஆனி கடைசியில், மழை இறங்குவதற்கு முன், நாலு நாள் முகாம் நடந்தது. கடைசி நாள் பெரிய பட்டி. கிருபா கூப்பிட்டதால் மச்சியும் நானும் போயிருந்தோம். பெட்ரோல் வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு போய் வேலியோரம் நிறுத்தினாள். மாடுகள் நின்ற இடத்தில் நின்றன. பாலுசாமி ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துக் கொடுத்தார், கிருபா ஊசி போட்டுக்கொண்டே போனாள். பூவாத்தாள் ஊசி போட்ட மாட்டுக்கு மஞ்சள் பூசி அனுப்பினார். மச்சிக்கு மாடென்றால் பயம்; வண்டிப் பக்கமே நின்று ஒவ்வொரு மருந்துப் புட்டியாக எடுத்து நீட்டினார். நாலு நாளில் நூற்று எழுபத்தாறு மாடுகள். விட்டுப்போன நாலும் கன்று ஈனும் நிலையில் இருந்தவை. அவற்றைக் கிருபாவே தள்ளிவைத்திருந்தாள்.

வேலை முடியும் நேரம் ஆறுச்சாமி தார் ரோட்டிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். வழியில் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று யாருடனோ போனில் பேசினார். காட்டில் அவர் குரல் நன்றாகவே கேட்டது. அடுத்த மலையில் மாடு வைத்திருக்கும் யாரோ ஜீப் வாங்குவது பற்றிக் கேட்கிறார்கள் போல.

"கோயமுத்தூருல ரம்லாம்மாவைக் கேளுங்க... ஆமாங்க, டீசல் பம்பு கடைதான்... அட, டீசல்காரங்கன்னா டீசலைத்தான் சொல்லுவாங்கன்னு யாருங்க சொன்னது? அவுங்க உங்க பட்டிக்கு வந்து பாத்துப்போட்டுத்தான் சொல்லுவாங்க. வந்து பாக்கறதுக்கு நாளாகும், பொறுத்துக்கோங்க."

மச்சி அதைக் கேட்காதவர்போலக் காலிப் புட்டிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினார். அடுக்கி முடித்து மூடியைப் போட்டவர், மறுபடி திறந்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.